அலசாத டேங்க்

அந்த விவசாயிகள் குழுவில் 'மருந்து' என்று யாரும் சொல்லக் கூடாது. தடை போட்டவர் திட்ட அலுவலர். பயிருக்கு அடிப்பது மருந்தே அல்ல, நஞ்சு. நஞ்சுக்கு மருந்து என்று செல்லப்பெயர் வைத்ததால்தான் உலகம் கெட்டது என்று முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். வாய் தவறிச் சொன்னவர் எழுந்து நின்று மண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட்டம் நடந்தது விதைக் கிடங்கில். கிடங்குக்குச் சிமெண்டுத் தரை. மன்னிப்பு மண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ரேடியோ தாமதமாக வந்தான். ஊர்ச் சேதி எதுவும் அவன் வாயைத் தாண்டாமல் போவதில்லை என்பதால் அந்தப் பெயர்.

"ஏம்ப்பா லேட்டு?" என்றார் அலுவலர்.

"பொண்ணுக்குக் காய்ச்சல் சார். கடையில நஞ்சு வாங்கி ரெண்டு ஸ்பூன் ஊத்திட்டு வரேன்."

கிடங்கே சிரித்தது. அலுவலர் மட்டும் சிரிக்காமல் மண்புழுவுக்குப் போனார். எங்கே தொடங்கினாலும் அவர் மண்புழுவில்தான் முடிப்பார். "மண்புழுவுக்கு முதுகெலும்பு கிடையாது. ஆனாலும் அது யாருக்கும் தலை வணங்கியதில்லை" என்பது அவருடைய பிரசித்தமான வாக்கியம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. மண்புழுவுக்குத் தலை எந்தப் பக்கம் என்பதே அங்கே பலருக்குத் தெரியாது. ஊரார் அவருக்கு மண்புழு சார் என்று பெயர் வைத்தார்கள். அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

திட்டம் இதுதான். ரசாயனத்தை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு மாறினால் மூன்று வருஷம் அரசாங்கம் கைகொடுக்கும். உரக்குழி கட்டித் தரும், விதை தரும், விளைச்சல் குறைவதற்கு ஈடாக ஏதோ தரும். மூன்று வருஷம் தாண்டினால் சான்றிதழ். இடையில் ஒரு சொட்டு ரசாயனம் பட்டாலும் அந்த நிலத்தின் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும், உதவியும் நிற்கும். அதுவரை ஒவ்வொரு தோட்டத்து முகப்பிலும் ஒரு தகரப் பலகை: 'இந்த நிலம் மாறிக்கொண்டிருக்கிறது'. சந்தை வியாபாரி அதையும் விட்டுவைக்கவில்லை. "நிலம் மாறட்டும், நானா வேண்டாங்கிறேன்? சொத்தைக் காய் மாறலையே" என்று கூடையைத் தள்ளி வைப்பான்.

குழுவுக்குத் தலைவர் ஒருவர் வேண்டும். வேட்டி கசங்காமல் வயலுக்குப் போய் வரத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவரையே போட்டார்கள். அன்றிலிருந்து மனைவி தவிர எல்லோருக்கும் அவர் தலைவர். மனைவிக்கு மட்டும் 'இந்தாங்க'.

தலைவர் முதலில் இழுத்து வந்தது மனைவியின் தம்பியை. சோற்றை மென்று முடிப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவிப் படுத்துவிடுவார்கள் என்பதால் அந்த ஆளுக்கு ஊரில் நிதானம் என்று பெயர். "எனக்கு இதெல்லாம் புரியாது மாமா" என்று நிதானம் சொன்னபோது, "நான் இருக்கேன்ல மாப்ள" என்று சொன்னது தலைவர்தான். இதைப் பிற்பாடு நினைத்துப் பார்க்க அவருக்கு நிறையச் சந்தர்ப்பம் வாய்த்தது.

சேர்ந்த பிறகு நடந்தது வேறு. குழுவில் மற்றவர்கள் எல்லோரும் திட்டத்தில் சேர்ந்தார்கள். நிதானம் மட்டும் அதை நம்பினான். இலைக் கரைசல் ஊறவைக்கும் பானையைத் தினமும் கலக்கி, மூடி, மேலே கல் வைத்துவிட்டு வருவான். வீட்டுக்குள் நுழையும்போது அவன் மேல் அடிக்கும் நாற்றத்துக்கு மனைவி வாசலிலேயே சோப்பை நீட்டுவாள். இலையைத் திருப்பிப் புழுவைக் கையால் பொறுக்குவான். பொறுக்கிய புழுவை டப்பாவில் போட்டு மூடிய பிறகும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். "அதுங்களுக்கு விலாசம் சொல்லிக்கிட்டு இருக்காரு" என்பான் ரேடியோ.

கரைசல் அடிக்க அரசாங்கம் குழுவுக்கு ஒரே ஒரு ஸ்பிரேயர் கொடுத்திருந்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் நீல டேங்க். அது தலைவரின் மோட்டார் அறையில் இருக்கும். வேண்டியவர் எடுத்துப்போய் அடித்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். கரைசலைத் தவிர வேறு எதுவும் அதற்குள் போகக் கூடாது. இதை எழுத்தில் சொன்னால் போதாது என்று மண்புழு சார் டேங்கின் முதுகிலேயே மண்புழுப் படம் ஒன்று ஒட்டியிருந்தார்.

இந்த நிலையில் இரண்டாம் வருஷம் மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. மாதிரித் தோட்டம் என்று காட்டப் போவது தலைவரின் கத்தரித் தோட்டம்.

"பச்சைப் பசேல்னு இருக்கணும் தலைவரே. உங்க தோட்டந்தான் நம்ம முகம்" என்றார் மண்புழு சார்.

முகத்தில் புழு வைத்திருந்தது. குருத்துகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. காயைப் பிளந்தால் உள்ளே ஒருவர் குடியிருந்தார். கரைசல் அடித்துப் பார்த்தார் தலைவர். புழுக்கள் குளித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தன. நிதானம் வந்து பார்த்துவிட்டு, "குருத்தைக் கிள்ளி எரிச்சிடலாம் மாமா. நாலஞ்சு நாள் நானும் வரேன். தோட்டம் கொஞ்சம் மொட்டையாத் தெரியும், அவ்வளவுதான்" என்றான்.

மொட்டைத் தோட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு மேலிடத்துக்கு வணக்கம் சொல்வதைத் தலைவர் மனதில் போட்டுப் பார்த்தார். சகிக்கவில்லை.

அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போய்விடவில்லை. பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது; பிற்பாடு தலைவர் தனக்குத்தானே எத்தனையோ காரணங்கள் சொல்லிப் பார்த்தார், வறுமையை மட்டும் சொல்ல முடியவில்லை. மோட்டார் அறைப் பரணில், கோணிப்பைக்குப் பின்னால், பழைய காலத்துப் புட்டி ஒன்று மிச்சமிருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கும் அவரிடம் காரணம் இல்லை. விடியற்காலையில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் அதை நீல டேங்கில் ஊற்றி, தண்ணீர் கலந்து, மண்புழுப் படத்தை முதுகோடு அழுத்திக்கொண்டு, கடைசிப் பாத்திவரை அடித்து முடித்தார்.

பார்வையாளர்கள் வந்த நாளில் தோட்டம் துளிர்த்து நின்றது. ஒரு புழு இல்லை. மற்ற பூச்சி பொட்டும் இல்லை. ஒரு வண்டோ தேனீயோ எட்டிப் பார்க்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. கைதட்டினார்கள். காயைப் பறித்து முகர்ந்து பார்த்து, "இயற்கை வாசனை" என்றார் ஒருவர். தலைவர் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்: "மண்ணை நாம ஏமாத்த முடியாதுங்க. அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும்."

அந்த வாக்கியத்தின் நடுவில்தான் பார்த்தார். நிதானம் மோட்டார் அறையிலிருந்து நீல டேங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போரமாகப் போய்க்கொண்டிருந்தான். கூட்டத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று குனிந்து போனான். எடுத்துப் போகிறேன் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.

டேங்கின் அடியில் மிச்சம் கொஞ்சம் கிடந்தது. அடித்த அன்றைக்கே கொட்டி அலசியிருக்க வேண்டும். பந்தல் போட ஆள் வந்துவிட்டது, மறந்துவிட்டது. இப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும். 'மாப்ள, அதை அலசிட்டு எடுத்துட்டுப் போ.' ஆனால் ஏன் அலச வேண்டும் என்று யாராவது திரும்பிப் பார்த்தால்? தலைவர் பதிலுக்குக் கையை உயர்த்தினார். பிறகு பேச்சைத் தொடர்ந்தார். நல்ல பேச்சு என்று எல்லோரும் சொன்னார்கள்.

*

ரசாயனச் சோதனைக்குக் காய் எடுக்க மண்புழு சார் வந்தபோது, யார் தோட்டத்தில் எடுப்பது என்ற பேச்சு வந்தது.

"தலைவர் தோட்டத்துல எடுக்க வேண்டியதில்ல. அது கண்ணாடி மாதிரி. ஊரே பார்த்தாச்சு" என்றார்.

"நிதானத்தோடதுல எடுங்க சார்" என்றான் ரேடியோ. "அவரு ஃபெயிலானா நாங்கள்லாம் பரீட்சைக்கே வரலைன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

முடிவு வந்த அன்று மண்புழு சார் நேராகத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"முதுகுல குத்திட்டாரு தலைவரே, உங்க மச்சினன்."

"என்ன சார்?"

"எச்சம். நஞ்சு எச்சம் இருக்கு. கொஞ்சந்தான். கொஞ்சமென்ன, நிறைய என்ன? கற்புல கொஞ்சம் உண்டா?"

உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "எந்த மச்சினன் சார்? என் தம்பியா?"

"வருத்தமாத்தான் இருக்கும்மா. இந்த மாதிரி சாது ஆளுங்கதான் செய்வாங்க. நாளைக்குக் கூட்டம். விதிப்படி நீக்கத்தைத் தலைவர்தான் வாசிக்கணும். சொந்தக்காரன்னு பார்க்காம வாசிச்சாருன்னு நாளைக்கு நாலு இடத்துல சொல்லலாம்." அவர் முகம் தெளிந்தது. "மண்புழுவுக்குச் சொந்தபந்தம் கிடையாது பாருங்க."

அலுவலர் போனார். அவள் டீ டம்ளரை எடுத்துப்போய்க் கழுவினாள். ஒரு டம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

சாயங்காலம் நிதானம் வந்தான். வாசற்படியில் நின்றான், உள்ளே வா என்ற பிறகும் வரவில்லை.

"உங்க பேரைக் கெடுத்துட்டேன் மாமா."

"உள்ள வா மாப்ள. யாரு கெடுத்தா இப்ப..."

"இல்ல, நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்துட்டேன். வீட்டுல எறும்புப் பொடி போட்டிருக்கா அவ. அந்தக் கையோட காய் பறிச்சிருப்பாளோன்னு கேட்டேன். என்னைச் சந்தேகப்படுறியான்னு சண்டை. புள்ளையைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"அடப்பாவி" என்றாள் அக்கா. "எறும்புப் பொடிக்கா சண்டை போட்டே?"

"வேற எப்படிக்கா வரும்? கொசுவத்தியையும் தூக்கிப் போட்டுட்டேன். கிணத்துல ஏதும் கலந்திருக்குமான்னு இறங்கிப் பார்த்தேன். அப்புறம்..." அவன் வழக்கம்போல நிறுத்தி, மென்று, விழுங்கினான். "அப்பா காலத்துல அடிச்சோமே. அது அடியிலேயே இருந்திருக்கும். நான் ஆழமா உழுது மேல கொண்டாந்துட்டேனோ என்னவோ. மாமா அன்னிக்கு மரத்தடியில சொன்னாரே, மண்ணு எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும்னு. எனக்கு உடனே அதுதான் தோணுச்சு."

தலைவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் படித்தார்.

"நாளைக்கு நீங்க வாசிக்கும்போது சங்கடப்படாதீங்க மாமா. நான் முன்னாடி உட்கார மாட்டேன், பின்னாடி நிக்கிறேன். நீங்க என் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருக்காது."

"சாப்பிட்டுப் போடா" என்றாள் அக்கா.

"வேண்டாங்க்கா. கத்தரிக்காயா?"

"ஆமா."

"உங்க தோட்டத்துதா? அப்ப ஒரு வாய் போடு."

உட்கார்ந்து, எப்போதும்போல மெல்ல மெல்ல மென்றான். தலைவரின் தட்டிலும் அவள் வதக்கிய கத்தரிக்காயை வைத்தாள். அவர் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். அவள் தன் தட்டில் காயை வைத்துக்கொள்ளவே இல்லை. மேலிடம் வந்துபோன நாளிலிருந்தே அவள் காய் தொடவில்லை என்பது தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி போன பிறகு அவள் கயிற்றில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். ஒரு பழைய சட்டையை மட்டும் மடிக்காமல் அவர் பக்கத்தில் கட்டிலின் மேல் போட்டாள்.

"இந்தாங்க."

"என்ன?"

"விடியக்காலை எழுந்து போனீங்களே, அன்னிக்குப் போட்டிருந்தது. தனியாத் துவைச்சேன். மத்த துணியோட போட்டா எல்லாம் நாறும்னு தனியாத் துவைச்சேன். ரெண்டு தடவை அலசியும் வாடை போகல."

தலைவர் சட்டையைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு அந்த வாடை தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து துவைக்கிறேன். தெரிஞ்சும் கேக்கல. பெரிய மனுஷங்க வராங்க, வீட்டு மானம் நிக்கட்டும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். காயை மட்டும் திங்கலை. என் வயித்தை மட்டும் காப்பாத்திக்கிட்டேன் பாருங்க." அவள் குரல் உயரவில்லை. "ஆனா அவன் தோட்டத்துக்கு எப்படிப் போச்சு? அதுதான் எனக்குப் புரியல. காத்துல போறதுக்கு அவன் தோட்டம் பக்கத்துலயும் இல்ல."

"டேங்க்" என்றார் தலைவர்.

"எந்த டேங்க்?"

"நீல டேங்க்தான். அலசல. அவன் எடுத்துட்டுப் போனான்."

"உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனானா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். தலைவர் கையை மட்டும் உயர்த்தினார். அன்று மரத்தடியில் உயர்த்திய மாதிரியே உயர்ந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் மறுபடியும் தண்ணீரில் போட்டாள்.

*

கிடங்கில் எல்லோரும் வந்திருந்தார்கள். மேலே சாக்கு மூட்டைகள், கீழே மனிதர்கள். சொன்னபடியே நிதானம் கடைசியில், எடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான். அது அக்கா அவனுக்கு எடுத்துக் கொடுத்தது.

மண்புழு சார் எழுந்து துரோகத்தைப் பற்றிப் பேசினார். பிறகு தாளைத் தலைவர் கையில் கொடுத்தார்.

தலைவர் தாளைப் பார்த்தார். பேசிப் பழகிய மனுஷன். எந்த மேடையிலும் நாக்கு தடுமாறியதில்லை. "இந்த டேங்க் இருக்கே" என்று ஆரம்பித்தார். எல்லோரும் டேங்க் எங்கே என்று பார்த்தார்கள். "அதுல நான் மருந்தடிச்சேன்."

"நஞ்சுன்னு சொல்லணும்" என்றார் மண்புழு சார், பழக்க தோஷத்தில்.

"மருந்து சார்" என்றார் தலைவர். "என் தோட்டத்துல. மேலிடம் வர்றதுக்கு முன்னாடி. டேங்கை அலசல. மாப்ள எடுத்துட்டுப் போறதைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லல."

"மண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க தலைவரே" என்றான் ரேடியோ. இதுவும் பழக்கந்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

தலைவர் மண்ணைப் பார்க்கவில்லை. எடைத் தராசுப் பக்கம் பார்த்தார். நிதானத்தின் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல, ஒரு கணக்கு. எறும்புப் பொடி, கொசுவத்தி, கிணறு, செத்துப்போன அப்பா என்று ஒவ்வொருவராக விடுதலை செய்துகொண்டிருந்தான். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நான் திருப்பி வைக்கும்போது எப்பவும் நல்லா அலசித்தான் வைப்பேன் மாமா" என்றான் கடைசியில். "எடுக்கும்போதும் அலசணும்னு தோணல. உங்ககிட்டேர்ந்துதானே வருதுன்னு."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் தலைவருக்கு உட்கார ஒரு இடம் கிடைத்திருக்கும்.

மண்புழு சார்தான் முதலில் சுதாரித்தார். பெரிய மனிதர்கள் எதிலும் வீழ்ந்து கிடப்பதில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மாதிரித் தோட்டமே போலி என்று மேலிடத்துக்கு எழுதினால் முதலில் யார் தலை உருளும் என்பதைக் கூரையில் படித்திருக்க வேண்டும். பிறகு கண் கலங்கினார். "பார்த்தீங்களா? இதுதான் மாற்றம்! நிலம் மாறுறதுக்கு முன்னாடி மனுஷன் மாறிட்டான்!" என்றார். தானே கைதட்டவும் செய்தார். பாதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத் தட்டினார்கள்.

விதி மட்டும் கை தட்டவில்லை. எச்சம் எச்சந்தான், அது யார் டேங்கில் வந்தது என்பது விதிக்கு வேண்டாம். தலைவரின் நிலமும் நிதானத்தின் நிலமும் ஒன்றாக மறுபடி முதல் நாளுக்குப் போயின. நிதானத்துக்குச் சேர வேண்டிய உதவி நின்றது. தலைவர் தன் விளைச்சலில் பாதி தருகிறேன் என்றார். "வேண்டாம் மாமா, அந்தக் காயை நான் எங்க விக்கிறது?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டான்.

அவன் மனைவி திரும்பி வந்தாள். எறும்புப் பொடியும் கொசுவத்தியும் வீட்டுக்குள் வந்தன. அவன் மறுபடி பானை வைத்து, இலை ஊறப்போட்டு, கல் வைத்தான். முகப்பில் அதே தகரப் பலகை நின்றது. இந்த நிலம் மாறிக்கொண்டிருக்கிறது.

தலைவர் பதவியைத் துறக்கப் பார்த்தார். மண்புழு சார் விடவில்லை. மாதிரித் தோட்டம் போனால் என்ன, மாதிரி மனசாட்சி கிடைத்துவிட்டது. புதிதாக மாற வரும் விவசாயிகளின் பயிற்சிக்கெல்லாம் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார். தலைவர் எழுந்து, தான் செய்ததைச் சொல்ல வேண்டும். முதல் தடவை பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் உச்சுக்கொட்டும் என்று தெரிந்துவிட்டது. டீயும் கொடுக்கிறார்கள். வீடு திரும்பினால் மனைவி, "இன்னிக்கு எத்தனை பேரு அழுதாங்க?" என்று மட்டும் கேட்பாள்.

அதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்கிறார். தாங்க முடியாதது வேறு.

நீல டேங்க் இன்னும் அவருடைய மோட்டார் அறையில்தான் இருக்கிறது. அவரே தினமும் அலசிக் கவிழ்த்து வைக்கிறார். மண்புழுப் படம் தேய்ந்தே போய்விட்டது. நிதானம் வருவான். "எடுத்துக்கவா மாமா?" என்று கேட்பான், அதே குரல், அதே மரியாதை. "எடுத்துக்க மாப்ள, அலசித்தான் வச்சிருக்கேன்" என்பார் தலைவர். "சரிங்க மாமா" என்பான்.

பிறகு டேங்கை நிமிர்த்தி, மூடியைத் திறந்து, அவர் எதிரிலேயே, முகத்தை உள்ளே விட்டு, நிதானமாக முகர்ந்து பார்ப்பான்.